தண்ணீர் சாப்பிடுகிற வீடு

வலது கையால் எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஆரம்பத்தில் டிவி பார்த்தேன். டயாலிசிஸ் அறையில் எந்நேரமும் வங்காள சீரியல்தான் ஓடும். மாமியார்கள் எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் முறைக்கிறார்கள். அலுத்துப்போய்த்தான் பேனாவை எடுத்தேன்.

நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் குணமான பிறகு எழுதுவார்கள். என்னுடையது குணமாகிற ஜாதி இல்லை. அடுத்த மாதம் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்போகிறார்கள். அதற்குள் கிடைத்திருக்கும் இந்த இடைவெளியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். இதில் என் மகளும் இருக்கிறாள்.

என் பெயர் கோமதி. பிறந்தது தென்காசி. கல்யாணமாகிக் கல்கத்தா வந்தேன். என் கணவர் இங்கே ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். உடம்பு ஒத்துழைக்காததால் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். பெஹாலாவில் வீடு. ஒரே மகள் உமா, நியூ டவுனில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் அவள் தமிழில் பாதி வங்காளம் இருக்கும்.

என் நோயின் முழுப் பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிறவியிலேயே வருவது. சிறியதாக ஆரம்பித்து வருடா வருடம் பெருகும். கட்டிகள் பெருகப் பெருக நல்ல சதை நசுங்கி, கடைசியில் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். கைமுஷ்டி அளவு இருக்க வேண்டிய உறுப்பு எனக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு சுரைக்காய் அளவு இருக்கிறது. பஸ்ஸில் சின்னப் பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து. ஐம்பது தாண்டிய பிறகு அதுவும் ஒரு மரியாதைதானே என்று உட்கார்ந்துவிடுவேன்.

என் அப்பாவுக்கும் வயிறு இப்படித்தான் பெருத்தது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். காப்பியைத் தவிர வேறொன்றையும் தொடாதவர். ஆனால் வயிறு வீங்கி முகம் வெளிறியதும் குடிகாரர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நோயின் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்து, உமா சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓயாத தலைவலி என்று போன எனக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். அப்பா எதனால் போனார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் அதைச் சொல்ல வழியில்லாமல் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே டாக்டர். அவரை நான் டாக்டர்பாபு என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு நிறைய முடி இருந்தது. உப்பைக் குறையுங்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள் என்றார். கட்டிக்கு மருந்து என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார். மகளுக்கும் வந்திருக்குமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் இப்போதே தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்றார். அன்றைக்கு அது சரியான பதில்தான். உமா வளர்ந்த பிறகு அவளிடம் சொன்னபோது அவளும் அதையேதான் கேட்டாள்.

"தெரிஞ்சா மருந்து இருக்கா மா?"

"இல்ல."

"அப்போ தாக் நா. விடு."

தாக் நா என்றால் இருக்கட்டுமே என்று அர்த்தம். இருக்கட்டும் என்று விட்டோம். பிறகு கட்டி வளர்வதை மெதுவாக்கும் ஒரு மாத்திரை வந்தது. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, மகளைக் கூட்டி வாருங்கள் என்று டாக்டர்பாபு சொன்னார். உமா இந்த ப்ராஜெக்ட் முடியட்டும் என்றாள். அந்தக் கம்பெனியில் எந்த ப்ராஜெக்ட் முடிந்திருக்கிறது? நானும் வற்புறுத்தவில்லை. ஸ்கேன் எடுக்காதவரை அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா.

இதற்கிடையில் என் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது. கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து வரும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். ரத்தத்தில் அது கூடினால் வடிகட்டி ஓய்கிறது என்று பொருள். எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, வாயில் எந்நேரமும் இரும்பு ருசி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சமையல் செய்ய முடியவில்லை என்றதும் என் கணவரின் அக்கா தென்காசியிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். எழுபதை நெருங்கியவர். எங்கள் குடும்பத்தில் அவர் கைக்குத் தனி ருசி உண்டு, வாய்க்கும் அப்படியே.

டாக்டர் தடுத்த உணவுகள் எங்களுக்குத் தெரியும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஆரஞ்சு கூடாது. மதினி அதையெல்லாம் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். பக்கத்து வீட்டு தாஸ் மாஷி பாசத்தோடு கொண்டுவந்த இளநீரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஆனால் வாழைத்தண்டைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த எவளுக்கும் சிறுநீரகம் என்றதும் வாழைத்தண்டுதான் நினைவுக்கு வரும். பெஹாலா மார்க்கெட்டில் அதற்குத் தோர் என்று பெயர். பெங்காலிகளும் கறி சமைப்பார்கள். மதினி மொழி தெரியாமலே கையைக் காட்டி வாங்கி வந்தார்.

"ஏ கோமதி, இதக் குடி. எங்க மச்சினருக்குக் கல்லு இருந்துச்சுல்லா, இதக் குடிச்சே கரைஞ்சிட்டு. மூத்திரம் தாராளமாப் போவும்."

"எனக்குக் கல்லு இல்ல மதினி, கட்டி."

"கல்லே கரையும்போது கட்டி கரையாதாக்கும்?"

நான் சிரித்துக்கொண்டே குடித்தேன். எனக்கும் நம்பிக்கை இருந்தது. தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர். நாரை விரலில் சுற்றி எடுத்து, இடித்துப் பிழிந்து, வடிகட்டி, மிளகுத்தூள் தூவி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். அம்மா போன பிறகு என் எதிரில் அப்படி நின்றவர்கள் யாருமில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் கால்கள் எழவில்லை. பேசப் பேச நாக்கு கனத்தது. நெஞ்சுக்குள் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நீளமான இடைவெளி. உமா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்கு போன் செய்தாள்.

பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பொட்டாசியம் உடம்புக்கு வேண்டிய உப்புதான். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். தள்ள ஆளில்லாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தடுமாற வைக்கும்; நிறுத்தியும் விடும். இதயத்தைக் காப்பாற்ற ஊசிகள் போட்டார்கள். கழுத்தில் குழாய் சொருகி அன்றே முதல் டயாலிசிஸ் செய்தார்கள். குழாயைச் சொருகும்போது முகத்தைப் பச்சைத்துணியால் மூடிவிடுவார்கள். அந்தத் துணிக்கடியில் எனக்கு வந்த பயத்தைப் போல வாழ்க்கையில் வேறு பயம் வந்ததில்லை. உமாவின் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடுவேன் என்று மட்டும் தோன்றியது. சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் டாக்டர்பாபு கட்டில் பக்கத்தில் நின்று, என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"தோர்?" என்றார். "தோர் கேயேசேன்? ரோஜ்?"

தினமும் சாப்பிட்டீர்களா என்கிறார். தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பழத்தில் இருக்கிற பொட்டாசியம் தண்டிலும் இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

விஷயம் வெளியே காத்திருந்தவர்களுக்குப் போய்விட்டது. பார்வையாளர் நேரத்தில் மதினி உள்ளே வந்தார். என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங் கையால ஊத்திக் குடுத்தேன் கோமதி. எங் கையாலயே."

"மதினி, அழாதீங்க. எப்பிடியும் ரெண்டு மூணு மாசத்துல டயாலிசிஸ்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் முந்திக்கிட்டு, அவ்வளவுதான்."

"எங்கிட்ட இருந்து ஒண்ண எடுத்து உனக்கு வைக்கச் சொல்லு. நான் இருந்து என்ன செய்யப் போறேன்?"

"உங்க சுகருக்கு உங்க கிட்னியே கடன்ல ஓடுது. அத வச்சு நான் என்ன செய்ய?"

அவர் அழுதுகொண்டே சிரித்தார். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு மதினி ஊருக்குத் திரும்பும்வரை எனக்கு எதைக் கொடுத்தாலும் உமாவைக் கூப்பிட்டு, "இதக் குடுக்கலாமாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.  கையில் சூடான சோற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு பயப்படுகிறவராக அவரை நான் பார்த்ததே இல்லை.

டயாலிசிஸ் வாழ்க்கையில் ஊசியைவிடக் கொடுமை தாகம். மூத்திரம் நின்றுவிட்டதால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி நுரையீரலில் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள். ரசமும் காப்பியும் மோரும் எல்லாம் அதற்குள் அடக்கம். கல்கத்தா வைகாசியில் அது எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நான் கனவில் குழாயைத் திறந்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். வங்காளத்தில் தண்ணீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுவார்கள். ஜோல் காபே? தண்ணீர் சாப்பிடுகிறாயா? சிகரெட்டும் சாப்பிடுவார்கள், திட்டும் சாப்பிடுவார்கள். உமா குழந்தையிலிருந்தே தமிழிலும் "தண்ணி சாப்பிடறேன்" என்பாள். தண்ணி குடிக்கணும்டி, சாப்பிடக் கூடாது என்று நான் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். ஊருக்குப் போனால் சித்தப்பா பிள்ளைகள் அவளை வைத்து ஓட்டுவார்கள். தாகம் தாங்காமல் நான் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், உமா பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் போட்டு எடுத்து வந்தாள். ஐஸ் வாயில் நெடுநேரம் இருக்கும், தண்ணீர் கணக்கில் கொஞ்சம்தான் ஏறும் என்று டயாலிசிஸ் அறைப் பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"இந்தா மா. இப்போ நீயும் தண்ணி சாப்பிடு."

கடித்துச் சாப்பிட்டேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

மாற்றுச் சிறுநீரகப் பேச்சு வந்தபோது என் கணவர் உடனே கையைத் தூக்கினார். அவர் ரத்தம் பி வகை, என்னுடையது ஓ. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்றால் அதோடு பேச்சு முடிந்திருக்கும். என் ரத்தம் அவருடைய உறுப்பை எதிரி என்று நினைத்துத் தாக்கிவிடும். இப்போது அதற்கும் வழி இருக்கிறது. முன்கூட்டியே ஒரு மருந்து ஏற்றி, என் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருட்களை இயந்திரத்தில் வடிகட்டி எடுத்துவிட்டுப் பொருத்துகிறார்கள். செலவு அதிகம், வேலையும் அதிகம். உமா குறுக்கே பாய்ந்தாள்.

"அப்பாவுக்கு அறுபத்து ரெண்டு. எனக்கு ஓ. சுத்தமா மேட்ச். நான் குடுக்கறேன். இதுல டிஸ்கஷனே இல்ல."

"நீ குடுக்கணும்னா முதல்ல ஸ்கேன் எடுக்கணும்" என்றேன்.



"எடுக்கறேன்" என்றாள். தனக்காக இத்தனை வருடம் எடுக்காதவள், எனக்காக ஒரே நிமிடத்தில் ஒத்துக்கொண்டாள்.

வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். அதனால் அந்தக் கூடத்தில் எல்லோர் கையிலும் பாட்டில். குடித்துவிட்டு நிற்க முடியாமல் நடக்கிறவர்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று நர்ஸிடம் சண்டை போடுகிறவர்கள். அத்தனை பேர் நடுவில் நான் வறண்ட வாயோடு உட்கார்ந்திருந்தேன். உமா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தாள். அவள் தொண்டைச் சத்தம் மட்டும் கேட்டது. அன்று எனக்குத் தாகமாக இல்லை. ஒன்றும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், அந்தச் சிறுநீரகம் எனக்கு வேண்டும் என்பதற்காக இல்லை. அது அவளிடமே இருக்கட்டும், ஆனால் நல்லதாக இருக்கட்டும்.

உள்ளே என்னையும் விட்டார்கள். ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் இளவயது. உமாவோடு வாயாடிக்கொண்டே ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி, என்ன வேலை, பூஜா லீவு எத்தனை நாள். வயிற்றில் கருவியை நகர்த்தினார். மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. அந்த மௌனம் எனக்குத் தெரியும். எனக்கு எடுத்தபோதும் அப்படித்தான் நின்றது. திரையில் கறுப்பு வட்டங்கள், சிறியதும் பெரியதுமாக. படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அதைப் படிக்கத் தெரியும்.

"பாரிதே காரோ ஆச்சே?" என்று கேட்டார். வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று.

"ஆமார்" என்றேன். என்னுடையது என்று அர்த்தம். 

உமா வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்போ உனக்குக் குடுக்க முடியாதா மா?"

இத்தனை வருட நோயில் நான் அழுத அழுகையெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. நான் கொடுத்ததுதான் அவளிடம் இருந்தது. அதை அவள் எனக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் எழுந்து போய் மூன்று பேருக்கும் காப்பி போட்டார். என்னுடையதை அரை டம்ளரில் சரியாக அளந்து வைத்தார்.

"அப்போ என்னோடதுதான். நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுவோம்" என்றார். உமாவின் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

டாக்டர்பாபு உமாவுக்கு அந்த மாத்திரையை எழுதினார். டோல்வாப்டன் என்று பெயர். நம் உடம்பில் ஒரு சுரப்பு, தண்ணீரை வீணாக்காதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதே சுரப்புதான் கட்டிகளையும் ஊத வைக்கிறது. மாத்திரை அதன் பேச்சு சிறுநீரகத்துக்குக் கேட்காமல் செய்துவிடுகிறது. கட்டி கரையாது, வளர்வது மெதுவாகும். சிறுநீரகம் ஓயும் நாள் பல வருடங்கள் தள்ளிப்போகலாம். கல்லீரலைக் கெடுக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். இன்னொரு விளைவும் உண்டு. பிடித்து வைக்க ஆளில்லாததால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஓயாத தாகம். ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் குடித்தே ஆக வேண்டும்.

"நீங்கள் இவள் வயதில் என்னிடம் வந்தபோது என் கையில் ஒன்றுமே இல்லை" என்றார் டாக்டர்பாபு என்னிடம். அவர் குரலில் மன்னிப்பு மாதிரி ஏதோ இருந்தது. அவரா கண்டுபிடிக்காமல் விட்டார், பாவம். விலையைக் கேட்டதும் என் கணவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார், ஆனால் வாங்காமல் வரவில்லை.

இப்படியாக எங்கள் வீட்டில் ஒருத்திக்குத் தண்ணீர் விஷம், இன்னொருத்திக்கு மருந்து. மாத்திரை ஆரம்பித்த பிறகு உமா என் கண்ணில் படாமல் குடிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையில் பாட்டில் இருக்காது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குளியலறைக்குள் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துப்போவாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒரு நாள் மாலை சாத்திய சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். ஜாடியை வாயில் கவிழ்த்தபடி நின்றிருந்தாள். திருட்டுப் பூனை போல விழித்தாள்.

"என்னடி இது, ஒளிஞ்சு ஒளிஞ்சு?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும் மா."

"நீ குடிக்காம விட்டாத்தான் எனக்குக் கஷ்டம். எம் முன்னால உக்காந்து குடி. எவ்வளவு குடிக்கிறேன்னு நான் பாக்கணும்."

அன்றிலிருந்து என் முன்னால்தான் குடிக்கிறாள். பார்க்கப் பார்க்க என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை அவளிடம் சொல்வதில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பையன் ஒரு வங்காளி, அதே கம்பெனிதான். அவள் ஸ்கேன் படத்தோடு போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "தாதே கீ?" என்று கேட்டானாம், அதனால் என்ன என்று. அவன் மாப்பிள்ளையாக வருவதில் எனக்கிருந்த சின்னச் சின்னக் குறையெல்லாம் அந்த இரண்டு சொல்லில் போய்விட்டது. மீன் வாசனையைக்கூட மன்னித்துவிட்டேன்.

போன வாரம் உமாவின் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டப் போயிருந்தோம், நானும் அவளும். கல்லீரல் நன்றாக இருந்தது. கல்யாணப் பேச்சைக் கேட்டதும் டாக்டர்பாபு ஒரு விஷயம் சொன்னார். கருத்தரிப்பதற்கு முன்பே இந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அப்புறம், குழந்தைக்கும் இந்த நோய் போகாமல் தடுக்க இப்போது வழி இருக்கிறது. கருவை வெளியே, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் மரபணுவைப் பார்த்து, நோய் இல்லாததை மட்டும் உள்ளே வைப்பார்கள். யோசியுங்கள், அவசரமில்லை என்றார். நல்ல மனிதர், நல்ல செய்தியாகத்தான் சொன்னார். எனக்கும் நல்ல செய்தியாகத்தான் பட்டது. என் அப்பாவோடு ஆரம்பித்தது உமாவோடு நின்றுவிடும் என்று வெளியே வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரூபி சந்திப்பு தாண்டியது, காளிகாட் பக்கம் நெரிசலில் வண்டி நின்றது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உமா கேட்டாள்.

"மா, உங்க டைம்ல இது இருந்திருந்தா?"

"எது?"

"இந்த டெஸ்ட். பார்த்து எடுத்து வைக்கறது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நோய் இருக்கறதை வைக்க மாட்டாங்கல்ல? அப்போ நான் வேண்டாம்னு ஒதுக்கற பக்கம்தானே போயிருப்பேன். வேற யாரோ இங்க உன் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. நல்ல கிட்னியோட. உனக்கும் குடுத்திருப்பாங்க."

என் வாயில் எச்சில்கூட இல்லை. கழுத்தில் அந்தக் குழாய் இறங்கியது நினைவுக்கு வந்தது. அப்பாவின் வயிறு நினைவுக்கு வந்தது. இன்னும் இருபது முப்பது வருடம் கழித்து இவள் என்னைப் போலவே ஒரு டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே எந்தத் தாயாவது பெற்றுக்கொள்வாளா? 

"உன் பிள்ளைக்கு நீ செய்" என்றேன். "கண்டிப்பா செய். எவ்வளவு செலவானாலும் சரி. என் பிள்ளைக்கு நான் செஞ்சிருக்க மாட்டேன்."

"அது எப்பிடி மா நியாயம்?"

"நியாயம் இல்லதான்."

அவள் என் தோளில் சாய வந்தாள். என் இடது கையில் ஊசி குத்துகிற இடம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். வண்டி நின்றிருந்ததால் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறி, என் வலது தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் அவளை அழாதே என்று சொல்லவில்லை. வீடு வரும்வரை அவள் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.